கலர் அடித்த சின்னம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பிள்ளைகளின் புத்தகங்களோடு ஒரு புதுக் கொப்பியையும் படத்துக்கு முன்னால் வைப்பேன். விஜயதசமி அன்று அதை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, "என் சின்னம்மா" என்று இரண்டு சொல் எழுதுவேன். அடுத்த கிழமை பார்த்தால் அதற்குக் கீழே பருப்பு, தேங்காய்ப்பால், சவர்க்காரம் என்று கடைச் சாமான் பட்டியல்தான் இருக்கும். இப்படி எத்தனை கொப்பி போயிற்று என்று அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைப் போலவே அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆக்லாந்தில் வந்து இறங்கி, இன்று தலைக்கு டை அடித்துக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஊரில் நான்காம் வகுப்போடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கேயும் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அப்போது நாங்கள் ஹில்ஸ்பரோவில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சமையலறை யன்னலால் பார்த்தால் மனுக்காவ் கடல் தெரியும். கடல் என்று சொன்னாலும் பாதி நாள் வெறும் சேறுதான். சாமிக்கென்று தனி அறை இல்லை. சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரியின் மேல் தட்டில் அம்மா பிள்ளையாரையும் முருகனையும் வைத்திருந்தார். குளிர்காலத்தில் அந்த வீட்டிலேயே சூடான இடம் அதுதான். கதவைத் திறந்தால் கற்பூர மணமும் காய்ந்த துவாய் மணமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எனக்குப் பக்தி என்றால் அந்த மணம்தான்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. இருபத்திரண்டு வயது. எங்களுக்குப் பிறகு தனியாக வந்து, அகதி என்று விண்ணப்பித்துவிட்டு, இங்கே இருக்கலாமா போகவேண்டுமா என்று சொல்லும் கடிதத்துக்காகக் காத்திருந்தார். தினமும் தபால்பெட்டியைப் பார்ப்பார். பெட்டியில் பீட்சாக் கடை விளம்பரம் இருந்தால் அதை விரித்து வைத்து, "என்னை வைச்சிருக்கினமாம், ஆனா சீஸ் போட்டுத்தானாம்" என்று வாசிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். நான் சிரிப்பேன்.

அவருக்கு ஹென்டர்சனில் ஒரு மருந்துக் கடையைக் கூட்டித் துடைக்கிற வேலை. அந்தக் கடையில் முகப்பூச்சுச் சாமான்களும் விற்றார்கள். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கவென்று மேசையில் திறந்து வைக்கிற பெட்டிகள் பழசானால் எறிந்துவிடுவார்கள். கடைக்கார அம்மா ஒருநாள், எறியாமல் நீயே கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து சின்னம்மாவின் கைப்பையில் கிழமைக்கு ஒன்றிரண்டு வந்து சேரும். மூடி உடைந்த நீலம், நடுவில் விரல் குழி விழுந்த ஊதா, பாதி தேய்ந்த பச்சை, அடிக்கட்டை மட்டும் மிஞ்சிய லிப்ஸ்டிக். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தார். சிவப்புக் கட்டம் போட்ட தகரம். திறந்தால் வெண்ணெய் மணமும் ரோசாப்பூ மணமும் கலந்து வரும்.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை செய்தார். பெயின்ட் கடையில் தருகிற நிற மட்டைகள் வீடெல்லாம் கிடக்கும், விசிறி போல விரிகிற மட்டைகள். சின்னம்மா அவற்றை எடுத்துத் தன் நிறங்களோடு வைத்துப் பார்ப்பார். மட்டையில் இருக்கிற ஆங்கிலப் பெயர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே பெயர் வைத்தார். ஒரு கருநீலம் பாஸ்போர்ட் நீலம். ஒரு மண்ணிறம் மனுக்காவ் சேறு. ஒரு மங்கலான சாம்பல் நிறத்துக்குக் கடிதம் வராத சாம்பல் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியானதும் என்னைக் கூப்பிடுவார்.

"வா பிள்ளை, கலர் அடிப்பம். கொப்பர் சுவருக்கு அடிக்கிறார், நான் கண்ணுக்கு அடிக்கிறன். எனக்கு ஏணி தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான் புழங்கியது. பூசுவது, போடுவது என்று யாரும் சொல்லவில்லை. அடிப்பது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக் கதிரையில் யன்னலைப் பார்த்து என்னை இருத்துவார். கண்ணை மூடு, இறுக்காமல் மூடு, நித்திரை வருகிற மாதிரி மூடு என்பார். மோதிர விரலால்தான் தொடுவார். அந்த விரலுக்குத்தான் பலம் குறைவாம், கண்ணுக்கு நோகாதாம். மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே இழுக்கும்போது கன்னத்தில் அவர் மூச்சுப் படும், தேத்தண்ணியும் ஏலக்காயும் மணக்கும். ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரி, மற்றக் கண்ணுக்கு இன்னொரு மாதிரி. வலது கண்ணில் சூரியன் மறைகிற நேரம், இடது கண்ணில் மழைக்கு முந்தின வானம். உதட்டுக்கு லிப்ஸ்டிக் கட்டை முடிந்துபோனால், கறிக்கு வெட்டிய பீட்ரூட்டில் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்து, மேலே ஒரு சொட்டு நெய் தடவுவார். பிறகு சின்னக் கண்ணாடியைத் தருவார். கண்ணாடியில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கத் தெரியாமல் கிழமைக்கு ஐந்து நாள் இருந்துவிட்டு வருகிற எனக்கு, அந்த இரண்டு பேரையும் பார்க்கிறதுதான் பெரிய சந்தோசம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. முகத்துக்கு விபூதியும் பொட்டும் போதும் என்பார். அதை விடப் பெரிய பயம் அந்தத் தகரத்தின் மேல். கடைச் சாமான் கைப்பையில் வருகிறது, கடைக்காரி தந்தாள் என்றதற்கு ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை, யாராவது கள்ளப் பொருள் என்று சொன்னால் இவளின் விண்ணப்பம் என்ன ஆகும்? அதனால் என்னிடம் பல தடவை சொல்லிவைத்தார், வீட்டில் நடக்கிறதை வெளியில் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று.

பிறகு அம்மா கொஞ்சம் இளகினார். அதற்கும் முருகன்தான் காரணம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஹாலில் கூடிப் பூசை செய்கிற எங்கள் ஆட்கள், வசந்த காலத்தில் ஒரு கலைவிழா வைக்க முடிவு செய்தார்கள். சென்னையிலிருந்து வந்த டான்ஸ் டீச்சர் ஒருவர் பன்னிரண்டு பெண் பிள்ளைகளுக்கு மயில் நடனம் பழக்கினார். சின்னம்மாவின் கைவேலையை எப்படியோ கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து கேட்டார். "பன்னெண்டு மயிலுக்கும் நீங்கதான் கண்ணு எழுதணும். மேடையில கடைசி வரிசைக்கும் தெரியணும்." எனக்குத் தாளம் வராது, அதனால் நான் மயில் இல்லை. ஆனால் பன்னிரண்டு மயிலுக்கும் மாதிரி என் முகம்தான். முருகனின் வாகனத்துக்கு அடிக்கிற கலர் என்றதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முதல்நாள் தகரத்துக்கு ஒரு விபூதிப் பொட்டுக்கூட வைத்துக் கொடுத்தார்.

மயில் கண் சும்மா வரவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இமைக்குக் கருநீலம், அதற்கு மேலே பச்சை, புருவத்துக்குக் கீழே பொன் நிறம், கடைக்கண்ணில் வால் மாதிரி ஒரு நீண்ட கோடு. பொன் நிறம்தான் தகரத்தில் இல்லை. சின்னம்மா யோசித்து, மஞ்சள்தூளை வாசலீனில் குழைத்தார். யன்னல் வெளிச்சத்தில் அது தங்கம் போலவே மின்னியது. "அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முருகா என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் சந்தோசமாக இருந்தோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறகு வரவில்லை.

அன்று இடது கண்ணில் மட்டும்தான் அடித்துப் பார்த்தது. பின்னேரம் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி வழித்தார்கள். நீலமும் பச்சையும் முக்கால்வாசி போயிற்று. மஞ்சள் போகவில்லை. மஞ்சள் எப்படிப் போகும்? உங்களுக்குத் தெரியும், ஒரு நாளில் போகிற சாமானா அது?

திங்கட்கிழமை காலை வகுப்பில் டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முழங்காலிட்டுக் குனிந்தார். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் மஞ்சளும் பச்சையும் நீலமும். உதட்டின் ஒரு ஓரத்தில் பீட்ரூட் சிவப்பு. இப்போது நானும் பிள்ளைகள் பெற்றவள், அந்த நிறம் ஒரு வெள்ளைக்கார டீச்சருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. நாலைந்து நாளுக்கு முன் அடி வாங்கிய கண் அப்படித்தான் இருக்கும்.

யார் செய்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்தேன். அடி என்றால் ஆங்கிலத்தில் 'ஹிட்' என்று அதே வகுப்பில்தான் படித்திருந்தேன். சின்னம்மா எனக்குக் கலர் அடித்தவ என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். ஆன்ட்டி ஹிட், கலர் என்று. எத்தனை தடவை என்று கேட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்றேன். எதால் என்று கேட்டார். விரலால், சில நேரம் பிரஷ்ஷால் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மா சொன்னவ என்றேன். முதல் தடவையாக ஒரு ஆள் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்கிறார், நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. டீச்சரின் கண் கலங்கியதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் டீச்சரும், பிள்ளைகள் நலம் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான். கையில் கோப்போடு நின்ற அந்தப் பெண்ணை யன்னலால் பார்த்ததும், கள்ளப் பொருள் விஷயம்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, சாமி அலுமாரியில் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்து, பட்டுத் துணியால் மூடிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். பிள்ளையின் கண்ணில் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். கலர் என்று சொன்னால் எந்தக் கலர், எங்கே வாங்கியது என்று வருமே என்று பயந்து, அம்மா தன் ஆங்கிலத்தில் சொன்னார், குளியலறையில் விழுந்தவள் என்று.

பொய் சொல்லாத மனுசி. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிற மனுசி. தங்கையைக் காப்பாற்ற என்று அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான் தங்கையின் மேல் விழுந்தது. பிள்ளை சின்னம்மா அடித்தாள் என்கிறது, தாய் விழுந்தது என்கிறாள். கோப்பைத் திறந்து அந்தப் பெண் எழுதத் தொடங்கினார்.

அந்த நேரம்தான் அப்பாவின் வான் வண்டி வந்தது. மழையால் வேலை முடிந்து, வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்ற சின்னம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். நின்றபடியே அவர்கள் சொன்னதைக் கேட்டார். சின்னம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீ பிள்ளைக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கிறனியாம். பிள்ளையே சொன்னதாம்."

சின்னம்மா நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "ஓம் அத்தான், அடிக்கிறனான்தானே. உங்களுக்கும் தெரியும்தானே."

பிறகு அப்பா மெல்ல, "எதை அடிக்கிறனி?" என்று கேட்டார். தன்னையே கேட்கிற மாதிரிக் கேட்டார். சின்னம்மாவுக்கும் அப்போதுதான் விளங்கியது. சிரிக்க வாயெடுத்தவர், கோப்பைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அந்தக் கோப்புக்குள் தன் கடிதமும் இருக்கிறது என்று நினைத்திருப்பார். "அக்கா, என்ர தகரம் எங்கை?" என்றார்.

அம்மா அசையவில்லை. நான்தான் போய்ச் சாமி அலுமாரியைத் திறந்தேன். பட்டுத் துணியை விலக்கித் தகரத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. அதில் கோபம் இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் வைத்தே பிடிபட்ட பார்வை.

சின்னம்மா அந்த அலுவலகப் பெண்ணிடம் கையைக் காட்டச் சொன்னார். புறங்கையில் கருநீலம், பச்சை, மேலே மஞ்சள் குழைத்த வாசலீன். மோதிர விரலால், என் கண்ணில் எப்படித் தொடுவாரோ அப்படியே. பிறகு எண்ணெய் தொட்டு வழித்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து, அந்தக் கையையும் என் கண்ணையும் அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே கறை. தமிழில் இந்த வேலைக்கு அடி என்றுதான் சொல்வோம், நான் சுவருக்குச் செய்கிறதும் அடிதான் என்று அப்பா தன் பெயின்ட் படிந்த சட்டையைத் தொட்டுக் காட்டி விளக்கினார். அந்தப் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோப்பில் எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு, இனிமேல் 'பெயின்ட்' என்று சொல் என்றார். அவர்கள் நல்லவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் என் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். டீச்சரும் நானும் கதைத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. 'ஆன்ட்டி ஹிட்' என்றதை அவள் வீட்டில் போய்த் தமிழில் சொல்லியிருக்கிறாள். சின்னம்மா அடித்தவ. எங்கள் வீட்டிலிருந்து கலரோடு போன சொல், எங்கள் ஆட்களுக்குள் திரும்பி வரும்போது கலரைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தது. அவளையும் குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் ஒன்பது வயதுதான்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனபோது பெண்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி இருத்தினார்கள். டான்ஸ் டீச்சர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தாய்மார் பயப்படுறாங்க, நான் என்ன பண்றது என்று வருத்தப்பட்டார். அந்த இடத்தில் அம்மா நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், தான் விழுந்தவள் என்று பொய் சொன்னதும் தகரத்தைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்ததும் சேர்த்தல்லவா வரும்? அம்மா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். அன்று வீட்டில் சாமி அலுமாரிக்கு முன்னால் நெடுநேரம் நின்று அழுதார். அம்மா பிள்ளையாருக்குச் சொன்னார். ஆட்களுக்குச் சொல்லவில்லை.

கலைவிழா அன்று பன்னிரண்டு மயில்களும் வெறும் கண்மையோடுதான் ஆடின. நாங்கள் நான்காவது வரிசையில் இருந்தோம். சின்னம்மா தன் மடியில் மோதிர விரலால் எதையோ மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததும் என் காதில் சொன்னார், "மூண்டாவது மயிலுக்கு மை கரைஞ்சு போச்சு. பாவம், அழுத மயில் மாதிரி நிக்குது." அடுத்த குப்பை எடுக்கிற நாளில் தகரத்தை அவரே வாசலில் கொண்டு போய் வைத்தார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது இல்லை. பிறகு அவர் என் முகத்தைத் தொடவில்லை.

கோடை தொடங்கியபோது அவருடைய கடிதம் வந்தது. இருக்கலாமாம். அந்தச் சாம்பலுக்கு இனி வேறு பெயர் வைக்கவேணும் என்று மட்டும் சொன்னார். கல்யாணம் முடித்து, ஆக்லாந்தின் மேற்கே மாசி என்கிற இடத்துக்குப் போய், இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அம்மா கண்ணை மூடும்வரை இந்தக் கதையை வாயால் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மாவின் பொய்யை அம்மா இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அம்மா போன பிறகு, போனவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமிக்கு மட்டும் சொன்னேன். நானும் அம்மாவின் மகள்தானே.

போன மாதம் என் கடைசி மகளின் நடனக் குழுவுக்குக் கண் எழுத ஆள் தேடினார்கள். என் சின்னம்மாவைக் கேட்டுப் பார்க்கவா, அவ நல்லாகச் செய்வா என்றேன். அண்மையில் வந்த ஒரு இளம் தாய் என் பக்கத்தில் வந்து, குரலைக் குறைத்துக்கொண்டு, "அக்கா, மாசியிலை இருக்கிறவவோ? அவ வேண்டாம். முந்தி ஒரு பிள்ளைக்குக் கண்ணிலை அடிச்சவவாம். பொலிஸ் வந்ததாம். பிள்ளைக்கு ஒரு கண் தெரியாமல் போச்சாம்" என்றாள்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு கண்ணையும் நன்றாகப் பார் என்றேன். அந்தப் பிள்ளை நான்தான்.

அவள் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப ஏன் அக்கா இவ்வளவு நாளும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த முறை கொப்பியில் கடைச் சாமான் எழுதவில்லை.

எழுதலாமா என்று சின்னம்மாவிடமே போய்க் கேட்டேன். இப்போது அவருக்குத் தலை முழுக்க வெள்ளை, கையிலும் வாதம். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார், "எழுது. ஆனா உதட்டுக்குப் பீட்ரூட் போட்டதை விட்டிடாதை. அது நல்ல கலர்." விடவில்லை சின்னம்மா, எழுதிவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் வீட்டில், கோயிலில், பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் என் அம்மா பயந்து பொய் சொன்னதையும், நான் பெருமையோடு பிழையாகச் சொன்னதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சின்னம்மா அடித்தவ என்று வருகிற இடத்தில் அவசரப்பட்டு மூச்சு வாங்கிவிடாதீர்கள். கலர் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்ன பிறகு மூச்சு வாங்குங்கள்.